எங்களுக்கு நான் வைத்த குடும்பப் பெயர்

எங்கள் வீட்டில் ஆட்கள் மூன்று பேர். அந்த மூன்று பேருக்கும் மூன்று குடும்பப் பெயர்கள். அப்பாவின் பெயருக்குப் பின்னால் அவருடைய அப்பாவின் பெயர் இருந்தது. அம்மாவின் அடையாள அட்டை கல்யாணத்துக்கு முன்பு எடுத்தது என்பதால், அவருடைய அப்பாவின் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டு சுவிஸ் வரைக்கும் வந்துவிட்டது. என் பெயருக்குப் பின்னால் என் அப்பாவின் பெயர். யாழ்ப்பாணத்தில் இதைப் பற்றி ஒருவரும் மூச்சு விட்டதில்லை. இன்டர்லாக்கனில் நாங்கள் குடியிருந்த நான்கு மாடிக் கட்டடத்தின் தபால் பெட்டிதான் இதைப் பெரிய பிரச்சினை ஆக்கியது.

எண்பதுகளின் கடைசி அது. எனக்குப் பத்து வயது. தபால் பெட்டியில் அப்பாவின் குடும்பப் பெயர் மட்டும் இருந்தது. அந்தக் கோடையில் பெரியம்மா ஊரிலிருந்து அம்மாவின் பெயருக்கு ஒரு கடிதம் போட்டார். அப்படி ஒருவர் இந்த முகவரியில் இல்லை என்று முத்திரை குத்தப்பட்டு அது வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. வெளிநாட்டில் இருக்கும் தங்கச்சிக்கு எழுதிய கடிதம் திரும்பி வந்தால் ஒரு அக்கா என்ன நினைப்பார்? பெரியம்மா மூன்று நாள் சாப்பிடாமல் அழுதிருக்கிறார். பிறகு யாரோ சொன்ன புத்தியில் அப்பாவின் பெயருக்கு இன்னொரு கடிதம் எழுதினார். அதை வாசித்து அம்மாவும் அழுதார். நான் அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற ஆளை அங்கே அப்வார்ட் என்பார்கள். அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு அவரிடம் போனார். அப்பாவின் ஜெர்மன் அவர் வேலை செய்த சமையலறையைத் தாண்டாது. என்னுடையது பள்ளிக்கூடத்து ஜெர்மன். அப்வார்ட் இடுப்பில் சாவிக்கொத்து கிலுகிலுக்க வெளியே வந்தார். தபால் பெட்டியின் தகடு இரண்டு விரல் அகலம். எங்கள் மூன்று குடும்பப் பெயர்களையும் அவர்களுடைய எழுத்தில் எழுதினால் நாற்பத்தொரு எழுத்து வந்தது. அவர் விரல் வைத்து எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். ஒரு குடும்பம், ஒரு பெயர், ஒரு தகடு. எந்தப் பெயர் என்று முடிவு செய்துகொண்டு வாருங்கள், அடித்துத் தருகிறேன் என்றார். அவருடைய மனைவி உள்ளே இருந்து, இவர்கள் உண்மையிலேயே கல்யாணம் முடித்தவர்கள்தானா என்று கேட்டது எனக்கு விளங்கியது. அப்பாவுக்கு விளங்கவில்லை. நான் அதை மொழிபெயர்க்கவும் இல்லை.

அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன், எங்களுக்கு ஒரே ஒரு பெயர் வேண்டும். நான் ஒன்றைத் தீர்மானித்தால் வீட்டில் இருவருக்கும் நிம்மதி போய்விடும். அப்பாவின் அப்பா பெயரையே எல்லோருக்கும் வைப்போம் என்றேன். "அப்ப என்ரை அப்பர் என்ன குறைஞ்சு போனாரே?" என்றார் அம்மா. சரி, அம்மாவின் அப்பா பெயரை வைப்போம் என்றேன். அப்பா சிரித்துக்கொண்டே குளிக்கப் போய்விட்டார். இரண்டு தாத்தாக்களையும் நான் பார்த்ததே இல்லை. இருந்தாலும் இருவர் மீதும் எனக்கு ஆத்திரமாக வந்தது.

அப்பா ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்தார். பாத்திரம் கழுவத் தொடங்கி, மரக்கறி வெட்டும் இடத்துக்கு உயர்ந்திருந்தார். அம்மா அதே ஹோட்டலில் துணி மடிக்கும் அறையில் இருந்தார். புதன்கிழமைகளில் பின்னேரம் பள்ளிக்கூடம் இல்லை. நான் அம்மாவிடம் போய் மேசைத் துணிகளை மடித்துக் கொடுப்பேன். அந்த அறையின் கதவு தோட்டத்துப் பக்கம் திறக்கும். அங்கே ஒரு மர வாங்கில் செப்டம்பர் மாதம் முழுக்க ஒரு இங்கிலாந்துக்காரி உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு வருடமும் அவர் அதே அறைக்கு வருவார் என்று அம்மா சொன்னார். திருமதி தோர்ண்டன் என்பது அவர் பெயர். நூலகம் ஒன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எங்களுக்குப் பொதுவாக இருந்த மொழி ஜெர்மன்தான். இருவரும் அதைப் பிழை பிழையாகக் கதைத்தோம், அதனால் ஒருவரையொருவர் நன்றாக விளங்கிக்கொண்டோம்.

என் பெயரை அவர் கேட்டார். நான் பெயரைச் சொல்லி, பெயரால் வந்த வில்லங்கத்தையும் சொன்னேன். அவர் முகம் விளக்குப் போட்டது போல ஆகிவிட்டது. பெயர்கள்தான் அவருடைய பைத்தியம் என்று பிறகுதான் தெரிந்தது. தோர்ண்டன் என்பது இங்கிலாந்தில் ஒரு கிராமத்தின் பெயராம். முன்பாதிக்கு முள்மரம் என்று பொருள், பின்பாதிக்கு வேலியடைத்த குடியிருப்பு என்று பொருள். வரவேற்பு மேசையில் இருக்கும் விருந்தினர் புத்தகத்தை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டு எனக்கு ஒவ்வொரு பெயராகப் பிரித்துக் காட்டினார். சட்டன் என்பவரின் முன்னோர்கள் தெற்கூர்க்காரர்கள். நோர்ட்டன் வடக்கூர். பிராட்ஃபோர்ட் என்றால் ஆற்றை இறங்கிக் கடக்கிற அகலமான துறை. ஷிப்லி என்றால் செம்மறிகள் மேய்ந்த வெளி. சாப்பாட்டு அறையில் ஒரு கனவான் இருந்தார், கரண்டி கொஞ்சம் வளைந்திருந்தாலும் மாற்றித் தரச் சொல்வார். அவர் பெயர் ஸ்வின்டன். அதற்குப் பன்றிப்பட்டி என்று பொருள் என்றார் திருமதி தோர்ண்டன். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "எங்கள் நாட்டில் அதற்கு ஒருவரும் சிரிப்பதில்லை, யாருடைய ஊரில் என்ன இருந்ததோ அது" என்றார்.

ஊரில் இருக்கிற எல்லோருக்கும் அந்தப் பெயர்தானா என்று கேட்டேன். இல்லையாம். தோர்ண்டனில் இருப்பவனை யாரும் தோர்ண்டன் என்று கூப்பிட மாட்டார்கள்; அங்கே எல்லோரும் அந்த ஊர்தானே. அந்த ஊரை விட்டு வேறு ஊருக்குப் போனவனைத்தான், அந்தா தோர்ண்டன்காரன் வாறான் என்று சொல்லிச் சொல்லி அது அவன் பெயராகவும் பிள்ளைகளின் பெயராகவும் ஆனது. அது மட்டுமல்ல, பெரிய ஊரின் பெயரைவிடச் சின்ன ஊரின் பெயர்தான் நல்லது என்றார். சின்ன ஊர் என்றால் அந்தப் பெயரை வைத்திருக்கிற எல்லோரும் ஒரே இடத்து ஆட்கள் என்பது நிச்சயம்.

நான் மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். அப்பாவும் அம்மாவும் ஒரே ஊர். இருவரும் மச்சான் மச்சாள் முறை. நாங்கள் ஊரை விட்டு வெளியே வந்தவர்கள். எங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உலகத்தில் இருக்க முடியாது.

ஆனால் ஊரின் பெயர் என்ன? நான் ஏழு வயதில் புறப்பட்டவள். எனக்கு இலந்தை மரங்கள் ஞாபகம் இருந்தன, கால் வைத்தால் குத்துகிற கல்லும் ஞாபகம் இருந்தது. பெயர் ஞாபகத்தில் இல்லை. அப்பாவிடம் மற்றத் தமிழர்கள் எந்த ஊர் என்று கேட்கும்போதெல்லாம் அவர் பருத்தித்துறைப் பக்கம் என்று சொல்லிவிட்டு உடனே வேறு கதைக்குப் போய்விடுவார். நீளமான பெயரைச் சொல்ல அலுப்பாக்கும் என்று நினைத்திருந்தேன். இப்போது பெரியம்மாவின் கடிதத்தை எடுத்துப் பின்பக்கம் பார்த்தேன். அவருடைய பெயருக்குக் கீழே தெளிவாக எழுதியிருந்தது: இலந்தைக்கலட்டி.

அடுத்த புதன்கிழமை ஓடிப்போய்த் திருமதி தோர்ண்டனிடம் சொன்னேன். இலந்தை என்றால் சின்னப் பழம் காய்க்கிற மரம், கலட்டி என்றால் கல்லு நிலம். மரத்தில் முள் உண்டா என்று கேட்டார். நிறைய உண்டு என்றேன். அவர் தன் குறிப்புப் புத்தகத்தில் அதை எழுதிக்கொண்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் ஊரும் முள், உன் ஊரும் முள், இனி நாம் சொந்தக்காரர் என்றார்.

இரவுச் சாப்பாட்டின்போது நான் அறிவித்தேன். அப்பாவின் கை பிட்டில் நின்றுவிட்டது.

"அந்தப் பேரை உனக்கு ஆர் சொன்னது?"

"பெரியம்மான்ரை கடிதத்தில கிடந்தது."

"அது வேண்டாம்."

"ஏன் வேண்டாம்? வடிவான பேர்தானே. அந்த மனுசி தன்ரை புத்தகத்திலையும் எழுதினவ."

"வேண்டாமெண்டால் வேண்டாம், பிள்ளை. வாய் காட்டாமல் சாப்பிடு."

அப்பா என்னோடு குரல் உயர்த்துகிற ஆள் இல்லை. அம்மா சம்பல் கிண்ணத்தை அங்கும் இங்கும் நகர்த்திக்கொண்டிருந்தார். காரணம் சொல்லாத எதையும் நான் ஏற்றுக்கொண்டதில்லை, இன்றைக்கும் அப்படித்தான். பெயரைப் பத்துப் பேர் கேட்டால், பத்துப் பேர் நல்லது என்று சொன்னால், அப்பா எப்படி மறுப்பார்? வாணி விழா வர மூன்று கிழமைதான் இருந்தது. அது போதும் என்று நினைத்தேன்.

அந்தக் காலத்தில் எங்கள் பகுதித் தமிழர்கள் துன் நகரத்தில் ஒரு தேவாலயத்தின் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து வாணி விழா கொண்டாடுவார்கள். சரஸ்வதி படம் ஒன்றை மேசையில் வைத்து, பூப் போட்டு, பிள்ளைகள் பாட்டு, பேச்சு, நடனம் என்று பின்னேரம் வரை நடக்கும். விழாவை நடத்தியவரை எல்லோரும் தலைவர் அண்ணை என்பார்கள். சமையல் இரண்டு வருடமாக அப்பாவின் பொறுப்பு. ஹோட்டலில் வேலை செய்கிறவர் என்பது மட்டும் காரணமல்ல, அவர் சுடுகிற உழுந்து வடைக்கு ஷாஃப்ஹவுசனிலிருந்துகூட ஆள் வரும். "உங்கட கைப்பக்குவம் ஒருத்தருக்கும் வராது" என்று தலைவர் அண்ணை அன்று காலையிலும் சொன்னார். சொல்லிக்கொண்டே நாலு வடை சாப்பிட்டார். முதல் முறை அரைத்த மாவில் சுட்டது முழுவதும் பூசை முடிந்த கையோடு காலியாகிவிட்டது. நானே ஆறு சாப்பிட்டேன். அம்மா இரண்டாம் தரம் அரைக்கத் தொடங்கினார்.

என்னுடையது பேச்சு. தலைப்பு கல்வியின் சிறப்பு. அம்மா எழுதித் தந்து நான் பாடமாக்கியது. மேடைக்குப் பக்கத்தில் நின்ற தலைவர் அண்ணையிடம் பெயர் எழுதிய துண்டைக் கொடுத்தேன். அவர் அதை முன்கூட்டிப் பார்க்காமல் நேராக ஒலிவாங்கியில் வாசித்தார். என் பெயரை உரத்து வாசித்தார். அதற்கு அடுத்ததை வாசிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. இலந்தைக்கலட்டி என்ற சொல் மண்டபத்துக்குள் மெல்ல விழுந்தது.

நான் மேடை ஏறினேன். கல்வியின் சிறப்பை இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொண்டு என் சொந்தச் சரக்குக்கு வந்தேன். பெயர்களைப் பற்றிச் சொன்னேன். முள்மரத்தூர், தெற்கூர், பன்றிப்பட்டி எல்லாம் சொன்னேன். ஊரை விட்டு வந்தவருக்குத்தான் ஊர் பெயராகும், ஆகவே இங்கே இருக்கிற ஒவ்வொருவரும் தங்கள் ஊர்ப் பெயரைக் குடும்பப் பெயராக வைக்க வேண்டும், அதிலும் பெரிய ஊரைச் சொல்லாமல் அதற்குள் இருக்கிற சின்ன ஊரைச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். எங்கள் குடும்பம் இன்றிலிருந்து இலந்தைக்கலட்டி என்று முடித்தேன். முன்வரிசையில் பச்சைச் சேலை கட்டியிருந்த அன்ரி பக்கத்தில் இருந்தவரின் காதில் ஏதோ சொன்னார். அவர் தலையை ஆட்டிவிட்டு எங்கள் அம்மா இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். கைதட்டல் பிந்தி வந்தது, கொஞ்சமாக வந்தது. என் பேச்சு அவர்களுக்குக் கொஞ்சம் உயரம் என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன்.

மண்டபத்துச் சமையலறைக்கும் மண்டபத்துக்கும் நடுவே சாப்பாடு கொடுக்கிற ஒரு சின்ன யன்னல் இருந்தது. அப்பா அதன் வழியாக எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். நான் உள்ளே ஓடினேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அகப்பையால் வடையைத் திருப்பிக்கொண்டே நின்றார். முகத்தில் ஒன்றும் இல்லை. சுட்ட வடைகளைத் தட்டில் அடுக்கி யன்னலில் வைத்தார். யாரும் எடுக்கவில்லை. இரண்டாவது தட்டை வைத்தார். மண்டபத்தில் தேநீர் நேரம். ஆட்கள் கையில் குவளையோடு நிற்கிறார்கள், யன்னல் பக்கம் வந்தவர்கள்கூட எதையோ மறந்தவர்கள் போலத் திரும்பிப் போகிறார்கள். மூன்றாவது தட்டு நிறைந்ததும் அம்மா, "போதும், அடுப்பை நிப்பாட்டுங்கோ" என்றார்.

"மா கிடக்கு" என்றார் அப்பா.

கடைசி மாவு வரைக்கும் சுட்டார். பிறகு சமையலுக்குக் கட்டியிருந்த மேல்துணியை அவிழ்த்து வைத்துவிட்டு, கையைக் கழுவித் துடைத்து, ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் போனார். அதற்குள் ஆட்கள் திரும்பவும் கதிரைகளில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையின் முதல் கதிரையில் தொடங்கினார். ஒவ்வொருவருக்கும் முன்னால் நின்று தட்டை நீட்டி, "எடுங்கோ" என்றார். எடுக்கும் வரை அல்லது மாட்டேன் என்று வாயால் சொல்லும் வரை நகரவில்லை. பச்சைச் சேலை அன்ரி இன்றைக்கு விரதம் என்றார். அவர் கையில் பாதி கடித்த கேக் இருந்தது. ஒருவர் எடுத்துக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டார். தலைவர் அண்ணை நெஞ்சில் கை வைத்தார்.

"எனக்குப் பிறஷர் பாருங்கோ. எண்ணெய்ச் சாமான் கூடாது எண்டு டொக்டர் சொன்னவர்."

"காலமை சொல்லேல்லையோ?" என்றார் அப்பா.

பின்வரிசையில் அகதிகள் விடுதியிலிருந்து வந்த பெடியன்கள் நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் ஆளுக்கு இரண்டு எடுத்து அப்பாவின் முன்னாலேயே தின்றார்கள். அதில் ஒருவன் தின்னும்போது சுற்றிவரப் பார்த்துக்கொண்டான். அப்பா கடைசிக் கதிரை வரை போய், திரும்பி வந்து, அடுத்த தட்டைத் தூக்கிக்கொண்டு மற்றப் பக்கத்து வரிசைகளுக்குப் போனார். அவசரப்படவில்லை. நான் அவருக்குப் பின்னால் காகிதத் துண்டுகளைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். எனக்கு ஒன்றுதான் புரியவில்லை, காலையில் அடிபட்டுத் தின்றவர்கள் இப்போது ஏன் தின்கிறார்கள் இல்லை?

எனக்குப் பதினேழு வயது ஆகும்போதுதான் அது விளங்கியது. எங்கள் ஆட்கள் ஊரைக் கேட்பது ஊரை அறிவதற்காக அல்ல. பெரிய ஊரைச் சொன்னால் அதில் எந்தப் பகுதி என்பார்கள். பகுதியைச் சொன்னால் கேள்வி முடிந்துவிடும். இன்ன சாதி என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு எந்த வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், எந்த வீட்டில் குடிக்கக் கூடாது என்பது தானாக நடக்கும். இலந்தைக்கலட்டியில் இருந்தவர்கள் எந்தச் சாதி என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. இதை வாசிக்கிற சிலர் அதைத்தான் தேடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். தேடிக்கொண்டே இருங்கள். அப்பா ஒரு கடலையும் அதற்கப்பால் இத்தனை மலைகளையும் தாண்டி வந்து, மூன்று வருடம் ஒரு சொல்லைத் தொண்டைக்குள் வைத்துக்கொண்டு, அத்தனை பேருக்கும் கைநிறையச் சமைத்துப் போட்டிருக்கிறார். அந்தச் சொல்லை நான் ஒலிவாங்கியில் போட்டு, பொருளும் விளக்கி, எல்லோரும் இப்படிச் செய்யுங்கள் என்று புத்தியும் சொல்லியிருக்கிறேன். நினைக்கும்போது இப்போதும் உடம்பு கூசுகிறது. ஆனால் வெட்கப்பட வேண்டியது நான் இல்லை, அப்பாவும் இல்லை என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

அன்று பின்னேரம் ஆறு மணி ரயிலில் இன்டர்லாக்கனுக்குத் திரும்பினோம். ஏரி ஒரு பக்கமாகக் கூடவே வந்தது. மீதி வடைகள் பெரிய ஏனத்தில் அம்மாவின் மடியில் இருந்தன. ஏனத்தை மூடியிருந்த துணியை அம்மா இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார்.

"நாளைக்கு அப்வார்ட்டட்டைப் போவம்," என்றார் அப்பா. "அந்தப் பேரையே அடிக்கச் சொல்லுவம். ஊரில இருக்கிற கொக்காவுக்கும் எழுதிப்போடு, இனி அந்தப் பேரையும் சேர்த்து எழுதச் சொல்லி."

"இஞ்சேருங்கோ, உங்களுக்கென்ன விசரோ?" என்றார் அம்மா. "வாசல்ல எழுதி ஒட்டப் போறியளோ?"

"ஓம். வாறவன் வாசிச்சுப்போட்டு உள்ளுக்கு வரட்டும். வராட்டி அங்கனையே நிக்கட்டும்."

நான் இருக்கையில் துள்ளிக் குதித்தேன். வென்றுவிட்டேன். பேச்சு ஒன்றாலேயே அப்பாவின் மனத்தை மாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். பதினைந்து எழுத்துக்குள் அடங்கும், தகட்டில் அழகாக இருக்கும், அப்வார்ட்டின் மனைவி வாயை மூடிக்கொள்வார் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். அப்பா யன்னலுக்கு வெளியே பார்த்தபடி என் தலையில் கையை வைத்திருந்தார். அம்மாவைப் பார்த்தேன். அவருடைய கண்ணிலிருந்து தண்ணீர் ஏனத்துத் துணியில் விழுந்துகொண்டிருந்தது. அத்தனை வடையும் வீணாகப் போன கவலை என்று எனக்குத் தோன்றியது. எனக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று, மண்டபத்திலிருந்து யோசித்துக்கொண்டு வந்த காரணத்தைச் சொன்னேன்.

"அம்மா, முதல் சுட்டது நல்லாத்தானே இருந்தது. ரெண்டாந்தரம் அரைச்சதிலதான் உப்புக் கூடிப்போச்சுதாக்கும். அடுத்தமுறை பார்த்துப் போடுங்கோ, எல்லாரும் சாப்பிடுவினம்."

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"ஓம் பிள்ளை," என்றார். "பார்த்துப் போடுறன்."